என் பெயரில் ஓர் ஆபரேஷன்

என் வயிற்றில் கத்தி பட்ட தழும்பு எதுவும் கிடையாது. ஆனால் துபாயில் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் எனக்குக் குடல்வால் எடுத்தாகிவிட்டது என்றுதான் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பித்தான் என்னை ஐந்து மாதம் உள்ளே வைத்தார்கள். அதனால்தான் என் கல்யாணமும் நின்றது. இதை ஊரில் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிச் சமாளித்துவிட்டேன். நடந்தது நடந்தபடி இதுவரை ஊரில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். கேம்ப்பில் எட்டுப் பேர் ஒரு ரூம். நான் அந்த ரூமின் வாய்க்காரன். சாம்பாரில் உப்பு ஏறினால் சண்டை, ஏசியைக் கூட்டினால் சண்டை, என் கட்டிலுக்கு மேலே எவனாவது ஈர லுங்கியைக் காயப்போட்டால் பெரிய சண்டை. "காலையிலேயே ஆரம்பிச்சுட்டான்யா" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். வாய்தான் அப்படி. எந்தச் சண்டையிலும் நான் ஜெயித்ததாக ஞாபகமில்லை.

எட்டுக் கட்டிலுக்கு நடுவே தரையில் ஒன்பதாவதாக ஒருவர் படுத்திருந்தார். அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அரியலூர்ப் பக்கம் என் ஊருக்கும் அவர் ஊருக்கும் நாலு மைல்தான். ஒரே டவுன் பஸ். ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி ஒன்பது மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்ததில் வெளியே வந்துவிட்டார். பாஸ்போர்ட் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டது, விசா செத்துவிட்டது. இப்படி ஓடிப்போய்க் கிடைத்த வேலையைச் செய்கிறவர்களைக் கல்லிவல்லி என்போம். போலீஸ் பிடித்தால் ஜெயில். அப்படிப்பட்டவருக்குத் தங்க இடம் கொடுத்தவனுக்கும் ஜெயில்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கறி வாங்கி வந்திருந்தோம், அண்ணன்தான் சமையல். இரண்டு நாளாகவே வயிறு வலிக்கிறது என்று ஓமத்தைத் தின்றுகொண்டிருந்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. "தம்பி, முடியலடா, என்னமோ உள்ள பிச்சுக்கிட்டுப் போவுது" என்றார்.

கார்டு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் போலீசைக் கூப்பிடுவார்கள், பிறகுதான் டாக்டரைக் கூப்பிடுவார்கள் என்பது எங்கள் ரூமில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உண்மையா என்று போய்ப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. நான் என் சட்டைப் பையிலிருந்து ஹெல்த் கார்டை எடுத்து அவர் பையில் வைத்தேன். இதைப் பெரிய தியாகமாக யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் கேம்ப்பில் பஸ் பாஸ், கேட் பாஸ், ஹெல்த் கார்டு எல்லாம் சோற்றுத் தட்டு மாதிரி கை மாறிக்கொண்டேயிருக்கும். அதற்கு முந்தைய மாதம்தான் ஒருவன் என் கார்டைக் கொண்டுபோய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். அதுவும் என் கணக்கில் போன பல்தான். யாருக்கும் அதில் தப்பே தெரியவில்லை.

கேம்ப் வாசலில் ஒரு பாகிஸ்தான் பட்டாணியின் கார் கிடைத்தது. "ஜல்தி பைட்டோ பாய்" என்று அவனே கதவைத் திறந்துவிட்டான். பின் சீட்டில் அண்ணன் சுருண்டு கிடக்க, அவருக்கு நான் என் கையெழுத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மனுஷன் உயிர் போகிற வலியில் இருக்கிறார். நான் வாத்தியார் வேலை பார்க்கிறேன்.

"முத எழுத்தப் பெரிசாப் போடுங்க. கடைசில ஒரு கோடு இழுத்து, கீழ ரெண்டு புள்ளி வைங்க."

"புள்ளி எதுக்குடா?"

"என் கையெழுத்துண்ணே, புள்ளி இருக்கும்."

அவர் விரலால் தன் தொடையில் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரி வருவதற்குள் இரண்டு புள்ளிவரை வந்துவிட்டார்.

வரவேற்பில் இருந்த பெண் கார்டைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. மெலிந்த கறுத்த முகம், மீசை. அந்த ஊரில் எங்களை அடையாளம் காண அதற்கு மேல் யாரும் கஷ்டப்பட்டதில்லை. உள்ளே கொண்டுபோனார்கள். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். காகிதங்களை நீட்டினார்கள். அண்ணன் என் பெயரை எழுதி, கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் மறக்காமல் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். "யெஸ்" என்று எழுந்து நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அக்காவுக்குக் கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம். கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓரமாக வரச் சொன்னார்.

"கார்டுல எழுதியிருக்க ரத்தம் ஒண்ணு. உள்ள கெடக்கவருக்க ரத்தம் வேற ஒண்ணு. நாங்க புதுசா டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவோம், அதுனால பொழச்சாரு. வெளங்குதா?"

"அக்கா..." என்று இழுத்தேன்.

"நான் ஒண்ணையும் பாக்கல்ல. ஆனா டாக்டருக்க முன்னால பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒங்க வாயக் கொஞ்சம் பூட்டி வச்சிக்கிடுங்க" என்றுவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது நாள் அண்ணன் அங்கே இருந்தார். டூட்டி முடிந்து தினமும் போனேன். அங்கே நான் அவருடைய தம்பி, அவர் நான். என் பெயரைச் சொல்லி "இன்றைக்கு எப்படி இருக்கிறார்" என்று என்னிடமே கேட்பார்கள். என் பெயரைச் சொல்லி "காய்ச்சல் இறங்கிவிட்டது" என்பார்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் என் பெயர், என் வயது. எனக்கு அங்கே பெயரே இல்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள், நாமே உள்ளே படுத்திருந்தால் இந்த நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ரூமில் இருக்கிற ஏழு பேரையும் வரிசையாக நினைத்தேன். ஒருவனையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்.

பில் என் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டியது. மாதாமாதம் கட்டிவிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அதிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டார், என் பெயரை.

ரூமுக்கு வந்து ஆறு வாரம் கிடந்தார். ரசமும் சோறும் நான்தான் வைத்துக் கொடுத்தேன். "ஒன் கடனக் கடைசி ரூவா வரைக்கும் அடைக்காம நான் ஊர் மண்ண மிதிக்க மாட்டேன்டா" என்பார். நான் கேட்காமலே சொல்வார். பிறகு தூரத்தில் புஜைரா என்ற ஊரில் ஒரு வேலை கிடைத்துப் போனார். இரண்டு மாதம் ஒழுங்காக யாரிடமாவது கொடுத்தனுப்பினார், நான் போய்க் கட்டினேன். மூன்றாவது மாதம் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. விசா இல்லாதவர்கள் அபராதமில்லாமல், ஜெயிலில்லாமல் ஊருக்குப் போகலாம். வெயிலில் கிடந்து வரிசையில் நின்று ஊர் திரும்பும் அவுட்பாஸ் வாங்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் போய் ஒரு வாரம் கழித்துத்தான் போன் வந்தது.

"வந்துட்டேன்டா தம்பி. புள்ள என்ன யாருன்னு கேட்டுச்சுடா" என்று அழுதார். "கவலப்படாத, இங்கேருந்து அனுப்புறேன்."

"சரிண்ணே, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றேன். உப்புக்குச் சண்டை போடுகிறவன், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் அப்பாவை அடையாளம் தெரியாமல் நின்றதைச் சொல்லி அழுகிற ஆளிடம் பில்லைப் பற்றி எப்படிக் கேட்பது? இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. நானும் கட்டுவதை விட்டுவிட்டேன், ஆஸ்பத்திரியிலிருந்தும் யாரும் என்னைத் தேடவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் கம்பெனியின் போஸ்ட் பாக்ஸுக்குப் போய், அங்கே எவனோ ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தான். நான் இல்லாமலே கோர்ட்டில் வழக்கு நடந்து முடிந்திருந்தது.

அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடம். எனக்கு ஊரில் பெண் பார்த்தார்கள். ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம். போட்டோ வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய அண்ணன் செல்போனுக்குக் கூப்பிடுவேன். பத்து நிமிஷக் கார்டில் எட்டு நிமிஷம் சும்மா இருப்போம். அவளுக்குக் கேள்வி கேட்கத்தான் வரும். "அங்க என்ன சாப்பிடுவீங்க? யாரு சமைப்பாங்க? காச்சல் வந்தா யாரு பாத்துக்குவாங்க?" கடைசிக் கேள்விக்கு மட்டும் "அதெல்லாம் வராது" என்று பந்தா விட்டேன். தேதி குறித்தார்கள், பத்திரிகை அடித்தார்கள். நான் இரண்டு மாத லீவு வாங்கினேன்.

ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் ஆள் பாஸ்போர்ட்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினான். மறுபடி தட்டினான். என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். போலீஸ் ஒருவர் வந்து "ஹாஸ்பிடல் கேஸ். பைசா மாஃபி?" என்று கேட்டார். பணம் இல்லையா என்கிறார். எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. கூட வந்த ஊர்க்காரன் டிக்கெட்டில் போட்டிருந்த என் பெட்டி விமானத்தில் ஏறிவிட்டிருந்தது. அதில் தாலிக்கொடியும் கூறைப்புடவையும் இருந்தன. அவை கல்யாணத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தன.

ஜெயிலில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி இருந்தார். கடை நடத்தி நொடித்துப்போய் உள்ளே வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "சட்டையைத் தூக்கிக் காட்டினால் முடிந்தது சேட்டா. தழும்பு இல்லை, ஆள் நான் இல்லை" என்றேன். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தோன்றியது. இரண்டு நாளாக அந்த ஒரே நினைப்பில்தான் சோறு இறங்கியது.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எடோ, தழும்பு இல்லன்னா அடுத்த கேள்வி என்ன? அப்போ உன் கார்டுல படுத்தது ஆரு? கார்டு கொடுத்தது ஒரு கேஸ், கல்லிவல்லிக்கு எடம் கொடுத்தது வேற கேஸ், கள்ளக் கையொப்பு வேற கேஸ். அவன் ஊருக்குப் போச்சு, மாட்டறது நீ. தண்டனை கழிஞ்சு நாடு கடத்திடுவாங்க, பின்னே இந்த மண்ணுல கால் குத்த முடியாது. இது வெறும் கடன். கட்டினா அன்னைக்கே வெளிய. மிண்டாம இரு, வாயத் தொறக்காத."

கோர்ட்டில் நீதிபதி அரபியில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் இந்தியில் என்னிடம் கேட்டார். ஆபரேஷன் செய்துகொண்டது நீதானா? என் சட்டையின் கீழ்ப் பித்தானில் என் கை இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. தூக்கினால் உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் என்னென்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. எப்படியாவது யாராவது கட்டிவிடுவார்கள், ஓடிப் போய்விடலாம் என்று ஒரு நப்பாசை. "ஹாங் ஜி", ஆமாம் என்றேன். கையெழுத்து உன்னுடையதா? "ஹாங் ஜி." இதைத் தியாகம் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். பயம்தான். சுத்தமான பயம்.

ஊரில் அப்பாவுக்குக் கம்பெனி ஆள் போன் செய்து, ஆஸ்பத்திரி பில் கட்டாததால் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். அப்பா அதை அப்படியே பெண் வீட்டில் போய்ச் சொன்னார். மறைக்கத் தெரியாத மனுஷர். பணத்துக்கு அவர் யாரிடம் போவார்? கல்யாணச் செலவுக்கே அங்கே இங்கே புரட்டியிருந்தார். நான்கு பேரிடம் கேட்டிருக்கிறார், நான்கு பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

ஜெயிலில் சுவரில் ஒரு போன் உண்டு. கார்டு வாங்கி வரிசையில் நின்று பேச வேண்டும். பேசுவதையெல்லாம் பதிவு செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் பத்துப் பேர். அதில் இரண்டு பேர் தமிழ். நான் அவளைக் கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். எடுத்தவுடன் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒங்களுக்கு என்ன ஆபரேஷன் பண்ணாங்க?" என்றாள்.

நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன்.

"எங்கப்பா கிட்னிங்கிறாரு. எங்க பெரியம்மா வேற என்னென்னமோ சொல்லுது, அதெல்லாம் வாயில சொல்ல முடியாது. மாப்ள சீக்காளி, மறைச்சுப் பொண்ணு கேட்டுட்டாங்கன்னு ஊரே பேசுது. நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் நம்புறேன்."

நான் சொல்லியிருக்கலாம். எனக்கில்லை, வேறொருத்தருக்கு என்று நாலு வார்த்தை. பின்னால் நின்ற தமிழன் ஒருவன் என் தோளுக்குப் பக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். போனுக்குள் என்னவோ டிக் டிக் என்று கேட்டுக்கொண்டேயிருந்தது. "வந்து சொல்றேன்" என்றேன்.

"வந்துன்னா?"

"வந்து."

"ஒடம்பு இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டாள். அதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. நான் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றேன். "கலாஸ் பாய், கலாஸ்" என்று, பேசி முடிந்தது என்ற மாதிரி, ஒருவன் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் அப்பா சொன்னார், அவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று. தாலிக்கொடியை வீட்டில் வைத்திருக்கவே அம்மாவுக்குப் பயமாக இருக்கிறதாம். "சரிப்பா" என்றேன்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அங்கே ஏழரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே. அந்த நாளில் அந்த நேரத்தில் நான் குளியலறைத் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமே இல்லை, பிறகென்ன முகூர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. யாரும் என்னிடம் பேசவுமில்லை. மலையாளியின் கடனை அவர் மச்சினன் கட்டிவிட்டதால் முந்தின நாள்தான் அவர் போயிருந்தார். தனியாக இருப்பது என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. எட்டுப் பேர் ரூமில் பாயைத் திருப்பிப் போட இடமில்லாமல் கிடந்தபோது, கொஞ்சம் தனியாக இருந்தால் போதும் சாமி என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். முட்டாள்.

கடனுக்கு உள்ளே இருப்பதில் ஒரு கொடுமை உண்டு. தேதி கிடையாது. திருடினவனுக்கு இத்தனை மாதம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள், அவன் சுவரில் கோடு போட்டுக் குறைத்துக்கொண்டே வருகிறான். எனக்கு நாளைக்கும் இருக்கலாம், பத்து வருடம் கழித்தும் இருக்கலாம். இன்னொரு பயமும் கூடவே இருந்தது. எனக்குக் குடல்வால் வலி வந்தால் ஜெயில் டாக்டர் ஃபைலைப் பார்த்துவிட்டு, உனக்குத்தான் அது இல்லையே என்பார். அப்போது என்ன சொல்வது? இதை நினைத்துப் படுக்கையில் தனியாகச் சிரித்தும் இருக்கிறேன். சிரித்து முடித்தபிறகு கண் கலங்கிவிடும்.

ரமலான் வந்தது. அந்த மாதத்தில் கடனுக்காக உள்ளே இருப்பவர்களின் கடனை அங்குள்ள பணக்காரர்கள் கட்டி விடுவிப்பது வழக்கம். ஒரு நாள் காலை பெயர்கள் வாசித்தார்கள், என் பெயரும் இருந்தது. யார் கட்டினார் என்று கேட்டேன். யாரோ ஒரு அரபி, பெயர் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அவர் என்னைப் பார்த்ததில்லை. ஒரு ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைத் தொழிலாளி என்று நினைத்துத்தான் கட்டியிருப்பார். அவருக்கு நன்றி சொல்லக்கூட வழியில்லை. சொன்னாலும் பொய்யாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கம்பெனி விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டது. ஊருக்கு வந்து பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அவளுக்கு ஏற்கெனவே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. அம்மா என் தட்டில் சோற்றைப் போடும்போதெல்லாம் என் வயிற்றைப் பார்ப்பாள். ஒரு நாள் எழுந்து நின்று சட்டையைக் கழற்றி, "பாரும்மா, நல்லாப் பாரு, ஒரு கீறல் இருக்கா?" என்று கத்தினேன். அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். பதினோராவது நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் ஊருக்குப் போனேன். நாலு மைலும் வாய்க்குள் வசைகளை அடுக்கிக்கொண்டே போனேன். இன்றைக்கு அந்த ஆளை நாறடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அண்ணன் சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடியெல்லாம் சாம்பல் நிறம். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"நான் போயிருந்தேன்டா" என்றார்.

"எங்க?"

"பொண்ணு வீட்டுக்கு. கல்யாணம் நிக்கிதுன்னு கேள்விப்பட்டு மறுநாளே போனேன். அவங்கப்பா முன்னாடி சட்டையக் கழட்டி நின்னேன். ஆபரேசன் எனக்குங்க, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்ல, எனக்காகக் கார்டு குடுத்துட்டு மாட்டிக்கிட்டான்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். தழும்பத் தடவிப் பாத்தாருடா அந்தாளு."

நாலு மைல் அடுக்கிய வசையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நம்பலையா?" என்றேன்.

"நம்புனாரு. நல்லா நம்புனாரு. நம்பிட்டுத்தான் சொன்னாரு. சீக்காளியா இருந்தாக்கூட வைத்தியம் பாத்துக்கலாம், அடுத்தவனுக்காக ஜெயிலுக்குப் போறவனுக்கு எப்புடிங்க பொண்ணக் குடுக்கறது? நாளைக்கு எம் பொண்ணு கழுத்துல கெடக்கறதக் கழட்டி எவன் கைலயாவது குடுத்துட்டு வந்து நிப்பான்னு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் என்னை நல்லவன் என்று நம்பி ஒதுக்கிய ஒரே மனுஷர் அவர்தான். கோர்ட்டில் நான் பயந்துபோய்த்தான் தலையாட்டினேன் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை பெண்ணைக் கொடுத்திருப்பார்.

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டினார். "கெளம்பறப்ப பின்னாலயே தெரு முக்கு வரைக்கும் வந்துச்சு. பணத்தக் கட்டுனா அன்னைக்கே விட்டுருவாங்களாமே, நீங்க எப்பங்க கட்டுவீங்கன்னு கேட்டுச்சு. சட்டிபானைய வித்தாவது கட்டிடுங்க, நான் தேதியத் தள்ளிப்போட வைக்கிறேன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தடா சொல்றது. பஸ் வந்துருச்சு, ஏறிட்டேன்."

அவரிடம் விற்க ஒன்றுமில்லை என்பது வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் எப்போது கட்டுவீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை. கோர்ட்டுக்கு அவர் இருப்பதே தெரியாது. எனக்காக அந்தக் கேள்வியைக் கேட்டது, என்னை நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒரு பெண். கேட்டுவிட்டுப் பஸ் போகிற வரை நின்றிருப்பாள்.

அண்ணன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கல்யாணம் நின்றுபோனது அதுவரை எனக்கு ஒரு அவமானமாகத்தான் இருந்தது. பத்திரிகை அடித்த பிறகு இப்படி ஆகிவிட்டதே, தெருவில் எப்படி நடப்பது என்று. வழியில் கரும்புக்கொல்லைப் பக்கம் வரும்போதுதான் நான் யாரை இழந்திருக்கிறேன் என்று உறைத்தது. இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஜெயிலில்கூட நான் அப்படி அழுததில்லை.